நிலுவையில் உள்ள மசோதா மீது மாநகராட்சி மன்றம் நிலைப்பாடு எடுப்பது எப்படி? கடலூரை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் சட்டமன்றமும் டெல்லியில் நாடாளுமன்றமும் இயற்றும் சட்டங்களில் பல, நடைமுறைக்கு வரும்போது நகரத்தின் தெருக்களில்தான் வந்து நிற்கின்றன. குப்பை, குடிநீர், மனைப்பிரிவு, கடற்கரை, தொழிற்சாலைக் கழிவு, சாலையோர வியாபாரம் என்று எந்தப் பொருளை எடுத்தாலும், அதைப் பற்றிய சட்டம் மாறும்போது முதலில் கேள்விக்கு ஆளாகிறவர் வார்டு கவுன்சிலர். ஆனால் அந்தச் சட்டம் மசோதாவாக இருக்கும்போது அவரிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. அவரும் செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொள்கிறார். இந்த இடைவெளியைக் குறைப்பதற்கு மன்றத்திடம் இருக்கும் எளிய கருவி தீர்மானம். கடலூர் மாநகராட்சியின் 45 வார்டு உறுப்பினர்களுக்கும், அவர்களிடம் கோரிக்கையோடு செல்லும் குடியிருப்போர் நலச் சங்கங்கள், மீனவ கிராம நிர்வாகிகள், வணிகர் சங்கங்கள் ஆகியோருக்கும் பயன்படும் வகையில், அந்தக் கருவியை எப்படிக் கையாள வேண்டும் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

தீர்மானத்துக்கு இருக்கும் வலு

நகரமன்றம் ஒரு மசோதாவை ஆதரித்தோ எதிர்த்தோ நிறைவேற்றும் தீர்மானம் சட்டமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, நாடாளுமன்றத்தையும் கட்டுப்படுத்தாது. இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் பல வீண் வாதங்கள் தவிரும். மாநிலச் சட்டமன்றங்கள் நிறைவேற்றும் தீர்மானங்களின் நிலையும் இதுதான். குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கும் வேளாண் சட்டங்களுக்கும் எதிராகச் சில மாநிலச் சட்டமன்றங்கள் நிறைவேற்றிய தீர்மானங்களை எதிர்த்து ஒரு வழக்கு 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அவை அந்தச் சட்டமன்றங்களின் கருத்து மட்டுமே, அவற்றுக்குச் சட்ட வலு கிடையாது, கருத்துத் தெரிவிக்க அவற்றுக்கு உரிமை இல்லையா என்ற போக்கில் நீதிபதிகள் விசாரணையின்போது கேட்டார்கள். இது தீர்ப்பு அல்ல, வாய்மொழிக் கருத்து. ஆயினும், கருத்துத் தெரிவிப்பதும் அதிகாரம் செலுத்துவதும் வேறுவேறு என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

ஒரு மாநிலச் சட்டமன்றத்தைவிட நகரமன்றத்தின் இடம் குறுகியது என்பதையும் மறக்கக் கூடாது. மன்றம் தன் அதிகாரத்தை ஒரு சட்டத்திலிருந்து பெறுகிறது. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும், அதன்கீழ் வகுக்கப்பட்ட 2023-ஆம் ஆண்டு விதிகளும் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதிகார எல்லையைத் தாண்டியதாகக் கருதப்படும் தீர்மானத்தில் தலையிட அரசுக்கு இடம் உண்டு. ஆகவே தீர்மானம் 'கேட்டுக்கொள்கிறது', 'பரிந்துரைக்கிறது' என்ற அளவில் நிற்க வேண்டும். 'இந்தச் சட்டம் கடலூரில் அமல்படுத்தப்பட மாட்டாது' என்று எழுதினால் அந்த ஒரு வரிக்காகவே முழுத் தீர்மானமும் வீணாகலாம்.

அப்படியானால் இதனால் என்ன பயன்? மசோதாவைப் பரிசீலிக்கும் குழுவிடமோ, அதன்மேல் பேசப்போகும் உறுப்பினரிடமோ இல்லாத ஒன்று நகரமன்றத்திடம் இருக்கிறது. அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தால் உப்பனாற்றின் கரையிலோ திருப்பாதிரிப்புலியூர் கடைவீதியிலோ என்ன நடக்கும் என்ற விவரம்தான் அது. அந்த விவரம், உரிய பிரிவின் எண்ணோடு, உரிய நாளுக்குள், உரியவரின் கையில் போய்ச் சேர்ந்தால் அதற்கு மதிப்பு உண்டு. சேராவிட்டால் அது மினிட் புத்தகத்தில் ஒரு பக்கம், மறுநாள் உள்ளூர்ப் பதிப்பில் ஒரு பத்திச் செய்தி.

முதல் படி: மசோதாவையும் அதன் கட்டத்தையும் அறிதல்

செய்தியை வைத்துத் தீர்மானம் எழுதக் கூடாது, மசோதாவின் வாசகத்தை வைத்தே எழுத வேண்டும். மாநில மசோதாக்கள் தமிழ்நாடு அரசிதழின் சிறப்பு வெளியீட்டில் வருகின்றன. நாடாளுமன்ற மசோதாக்கள் நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் கிடைக்கின்றன. பிஆர்எஸ் என்ற ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் மசோதாவோடு சுருக்கமும், அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்ற குறிப்பும் இருக்கும். மசோதாவின் கடைசியில் உள்ள நோக்கக் காரண விளக்கவுரையையும் நிதிக் குறிப்பையும் தவறாமல் படிக்க வேண்டும். நகராட்சிகளின் தலையில் செலவு விழப்போகிறதா என்பதற்கான தடயம் பல நேரங்களில் அங்கேதான் கிடைக்கும்.

அடுத்து, கட்டம். சட்டம் உருவாகும் பாதையில் ஒவ்வொரு கட்டத்திலும் கதவு ஒரே அளவுக்குத் திறந்திருப்பதில்லை. மத்திய அரசு 2014-இல் வகுத்த முன்கலந்தாய்வுக் கொள்கையின்படி, மசோதாவின் வரைவை அமைச்சகம் குறைந்தது 30 நாட்கள் பொதுவெளியில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். எல்லா அமைச்சகங்களும் இதைப் பின்பற்றுவதில்லை என்றாலும், பின்பற்றப்படும் இடத்தில் அந்த 30 நாட்கள்தான் மிகவும் பயனுள்ளவை, ஏனெனில் அமைச்சரவை முடிவெடுக்கும் முன் வாசகம் இன்னும் இறுகியிருக்காது. அறிமுகமான பிறகு மசோதா துறைசார் நிலைக்குழுவுக்கோ கூட்டுக் குழுவுக்கோ அனுப்பப்பட்டால், அந்தக் குழு செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்து எழுத்துப்பூர்வமான கருத்துகளைக் கேட்பது வழக்கம். அவகாசம் பெரும்பாலும் சில வாரங்களுக்குள் முடிந்துவிடும். குழுவுக்கே போகாத மசோதாவாக இருந்தால், திருத்தம் கொண்டுவரக்கூடிய உறுப்பினர் ஒருவரைத் தேடுவது ஒன்றே வழி.

மாநில மசோதாக்களில் நேரம் இன்னும் குறைவு. டெல்டா பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும் மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூர் மாவட்டத்தின் தென்பகுதி வட்டாரங்களையும் உள்ளடக்கிய அந்தச் சட்டத்துக்கான அறிவிப்பு 2020 பிப்ரவரி 9-இல் வந்தது. மசோதா பிப்ரவரி 20-இல் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்த திருத்த மசோதா 2023 ஏப்ரல் 12-இல் அறிமுகமாகி 21-ஆம் தேதி நிறைவேறியது. எதிர்ப்புக்குப் பின் 24-ஆம் தேதி நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சிப்காட் தொழிற்பேட்டையை அருகிலேயே வைத்திருக்கும் ஒரு நகரத்தின் மன்றம் அதைப் பற்றி ஏதாவது சொல்ல நினைத்திருந்தால், அறிமுகத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையில் கிடைத்தது 9 நாட்கள். மாதம் ஒருமுறை கூடும் மன்றத்துக்கு இது போதாது. இந்தச் சிக்கலுக்கான வழியைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: நகரத்தோடு உள்ள தொடர்பை நிறுவுதல்

'இதற்கும் மாநகராட்சிக்கும் என்ன சம்பந்தம்?' என்ற கேள்வி மன்றத்தில் நிச்சயம் எழும். அதற்கான விடையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, 243டபிள்யூ என்ற பிரிவும் 12-ஆவது அட்டவணையும் சேர்க்கப்பட்டன. அந்த அட்டவணையில், நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 18 பொருள்கள் இருக்கின்றன. நகரத் திட்டமிடல் முதல் பொருள், குடிநீர் வழங்கல் ஐந்தாவது, பொதுச் சுகாதாரமும் திடக்கழிவு மேலாண்மையும் ஆறாவது, நகர்ப்புறக் காடு வளர்ப்பும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் எட்டாவது. மசோதாவின் ஒரு பிரிவாவது இந்த 18 பொருள்களில் ஒன்றைத் தொடுகிறது என்று காட்ட முடிந்தால் தீர்மானத்துக்கு நிற்க இடம் கிடைக்கும்.

இந்தியத் துறைமுகங்கள் மசோதா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1908-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த இந்த மசோதா 2025 மார்ச்சில் மக்களவையில் அறிமுகமாகி, ஆகஸ்டில் இரு அவைகளிலும் நிறைவேறியது. இதன் முந்தைய வரைவு 2021-இல் வெளிவந்தபோதே, சிறு துறைமுகங்கள் மீதான மாநிலங்களின் அதிகாரம் குறையும் என்று தமிழ்நாடு அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. கடலூர்த் துறைமுகம் தமிழ்நாடு கடல்சார் வாரியத்தின் பொறுப்பில் உள்ள சிறு துறைமுகம். துறைமுகம் மாநகராட்சியின் கையில் இல்லை, மீன்வளமும் 12-ஆவது அட்டவணையில் இல்லை. ஆகவே 'மாநில உரிமை பறிபோகிறது' என்று நகரமன்றம் எழுதினால், அது மாநில அரசு ஏற்கெனவே சொன்னதை இன்னொருமுறை சொல்வதாக மட்டுமே இருக்கும். மாறாக, கப்பல் கழிவைப் பெறும் ஏற்பாடு பற்றிய பிரிவுகள் எட்டாவது பொருளைத் தொடுகின்றன. துறைமுக நிலத்தில் வரும் கட்டுமானம், நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது என்ற இரண்டாவது பொருளைத் தொடுகிறது. முதுநகர்ப் பக்கம் மழைநீர் வடிய வேண்டிய முகத்துவாரத்தில் தூர்வாரலும் கரைகட்டுதலும் எப்படி நடக்கும், அதைப் பற்றி மாநகராட்சியோடு கலந்தாலோசிக்கக் கடமை உண்டா என்ற கேள்வியைக் கடலூர் மன்றத்தைத் தவிர வேறு யாரும் கேட்கப்போவதில்லை. மார்ச்சுக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் ஐந்து மாதங்கள் இருந்தன என்பதையும் கவனியுங்கள். எல்லா மசோதாக்களும் 9 நாட்களில் ஓடிவிடுவதில்லை.

மூன்றாம் படி: எந்த வகை நிலைப்பாடு?

நம் மன்றங்களில் ஆதரவு அல்லது கண்டனம் என்ற இரண்டு வகைகளே பழக்கத்தில் இருக்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பல நகரமன்றங்கள் மாநில மசோதாக்கள் மீது நிலைப்பாடு எடுப்பதை வழக்கமான அலுவலாகவே வைத்திருக்கின்றன. அங்கே ஆதரவு, எதிர்ப்பு ஆகிய இரண்டுக்கும் இடையில் 'திருத்தினால் ஆதரவு', 'திருத்தாவிட்டால் எதிர்ப்பு', 'கவனித்து வருகிறோம்' என்ற நிலைகளும் உண்டு. இவற்றில் திருத்தம் கோரும் இரண்டு நிலைகள்தான் நமக்கு அதிகம் உதவும் என்பது என் கருத்து. முழு எதிர்ப்பு என்றால் கட்சி எல்லையைத் தாண்டி ஆள் சேர்ப்பது கடினம். 'இந்தப் பிரிவில் இந்தத் திருத்தம் வேண்டும்' என்றால், மசோதாவைக் கொண்டுவந்த கட்சியின் கவுன்சிலரும் கையெழுத்திட முடியும். மேலும், முழு மசோதாவையும் நிராகரிக்கும் கடிதத்தைப் படிக்கும் குழு அலுவலருக்கு அதில் குறித்துக்கொள்ள எதுவும் இருக்காது. திருத்த வாசகத்தோடு வரும் கடிதமோ பிரிவுவாரி அட்டவணையில் ஒரு வரியாக இடம்பெறும்.

நான்காம் படி: வரைவு

தீர்மான வரைவில்தான் பெரும்பாலான முயற்சிகள் கெட்டுப்போகின்றன. மேடைப் பேச்சின் நடை வரைவுக்குள் புகுந்துவிடுவதே காரணம். 'வன்மையாகக் கண்டிக்கிறது', 'மக்கள் விரோத' போன்ற சொற்கள் கூட்டத்தில் கைத்தட்டல் வாங்கலாம், ஆனால் குழுவின் மேசையில் அவற்றுக்கு எடை இல்லை. வரைவில் நான்கு கூறுகள் போதும்: மசோதாவின் முழுப் பெயர், எண், ஆண்டு, தற்போதைய கட்டம் ஆகியவை ஒன்று. எந்த உள்ளாட்சிப் பொருளைத் தொடுகிறது என்பது இரண்டு. கடலூரில் அதன் விளைவு என்ன என்பது மூன்று. வேண்டுகோளும், அது யாருக்கு அனுப்பப்பட வேண்டும் என்பதும் நான்கு.

இவற்றில் மூன்றாவது கூறுக்கே அதிக உழைப்பு தேவை. அதற்கான தரவு வெளியில் இல்லை, மாநகராட்சி அலுவலகத்துக்குள்ளேயே இருக்கிறது. பொறியியல் பிரிவில் வடிகால் வரைபடம் இருக்கும், நகரமைப்புப் பிரிவில் கட்டட அனுமதிக் கோப்புகள் இருக்கும், சுகாதாரப் பிரிவில் நாள்தோறும் அள்ளப்படும் குப்பையின் கணக்கு இருக்கும், வருவாய்ப் பிரிவில் சொத்து வரிக் கேட்பும் வசூலும் இருக்கும். கவுன்சிலர் எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம். பொதுமக்கள் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுச் செய்யலாம், பதிலுக்கு 30 நாட்கள் என்பதால் முன்கூட்டியே தொடங்க வேண்டும். வார்டு மக்களின் அனுபவத்தைச் சேர்ப்பதற்குப் பகுதி சபா பொருத்தமான இடம். தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1-இல் முதன்முதலாகக் கூட்டப்பட்ட இந்தச் சபைகளில் குழாயும் தெருவிளக்கும் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அவை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன.

வரைவின் வடிவம் கீழ்க்காணும் மாதிரியில் இருக்கலாம். கோடிட்ட இடங்களை மசோதாவுக்கு ஏற்ப நிரப்பிக்கொள்ளலாம்.

"மக்களவையில் அறிமுகம் செய்யப்பட்டு …… குழுவின் பரிசீலனையில் உள்ள …… மசோதாவின் …… பிரிவு, அரசமைப்புச் சட்டத்தின் 12-ஆவது அட்டவணையில் கண்ட …… என்ற பொருளைப் பாதிக்கக்கூடியதாக உள்ளதை இம்மாமன்றம் கவனத்தில் கொள்கிறது. கடலூர் மாநகராட்சி எல்லைக்குள் …… வார்டுகளில் உள்ள …… மேற்படி பிரிவினால் …… என்ற விளைவுக்கு உள்ளாகும் என மாநகராட்சிப் பொறியாளரின் அறிக்கை தெரிவிக்கிறது. எனவே மேற்படி பிரிவில் '……' என்ற சொற்களுக்குப் பின் 'சம்பந்தப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புடன் எழுத்துப்பூர்வமாகக் கலந்தாலோசித்த பின்னர்' என்ற சொற்களைச் சேர்க்க வேண்டும் என்றும், அவ்வாறு திருத்தப்படின் மசோதாவை ஆதரிப்பது என்றும் இம்மாமன்றம் தீர்மானிக்கிறது. இத்தீர்மானத்தின் நகலை …… ஆகியோருக்கு …… தேதிக்குள் அனுப்பி வைக்குமாறும், அனுப்பிய விவரத்தை அடுத்த கூட்டத்தில் பதிவுக்கு வைக்குமாறும் ஆணையர் கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தேதியும் பொறுப்பாளரும் இல்லாத தீர்மானம் பிரிவு எழுத்தரின் மேசையிலேயே தங்கிவிடும். பொறியாளரின் அறிக்கை என்று எழுதினால் அந்த அறிக்கை உண்மையில் கையில் இருக்க வேண்டும், எண்ணும் நாளும் குறிக்கப்பட வேண்டும். அலுவலரின் பெயரால் ஒரு தவறான எண் போய்விட்டால், அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் நம்புவதற்கு ஆள் இருக்காது.

ஐந்தாம் படி: கூட்டப் பொருளில் சேர்த்தல்

மன்றத்துக்கு வரும் பொருள்களில் பெரும்பாலானவை அலுவலகக் குறிப்பாக வருகின்றன. ஒப்பந்தப்புள்ளி, பணி உத்தரவு, செலவினம் என்று நூறு பொருள்கள் வரிசையாக நிற்கும் அஜெண்டாவில் மசோதா பற்றிய பொருள் தானாக வந்து சேராது. ஆகவே உறுப்பினரே தீர்மான முன்மொழிவை எழுத்தில் மேயரிடம் கொடுத்து, நகலை ஆணையரிடமும் மன்றப் பிரிவிலும் சமர்ப்பித்து, ஒப்புகை பெற வேண்டும். எத்தனை தெளிவான நாட்களுக்கு (கொடுக்கும் நாளும் கூட்ட நாளும் நீங்கலாக) முன் கொடுக்க வேண்டும் என்பதை 2023-ஆம் ஆண்டு விதிகளின் கூட்ட நடைமுறைப் பகுதியில் பார்த்துவிட்டே கொடுங்கள், நாள் குறைவு என்ற காரணத்தால் திருப்பப்படும் முன்மொழிவுகள் ஏராளம். வழிமொழிபவர் மாற்றுக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தால் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். மேயர் அனுமதிக்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம், அல்லது விதிப்படி போதிய உறுப்பினர்களின் கையெழுத்தோடு சிறப்புக் கூட்டம் கோரலாம். மூன்றாவது வழி, அஜெண்டாவில் இல்லாதவற்றை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் எழுந்து பேசுவது. அது பத்திரிகைக்குப் போகும், ஆனால் தீர்மான எண் கிடைக்காது.

ஆறாம் படி: கூட்டத்தில்

வரைவின் நகல் முந்தைய நாளே எல்லா உறுப்பினர்களுக்கும் போயிருந்தால் விவாதம் சுருக்கமாக முடியும். கூட்டத்தில் யாராவது திருத்தம் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வது நல்லது, ஒருமனதாக நிறைவேறிய தீர்மானத்துக்கு வெளியில் கிடைக்கும் கவனம் வேறு. ஆனால் கட்சிச் சண்டையை இழுக்கும் ஒரு சொல்லை நுழைக்கச் சொன்னால், அதை உரையில் சொல்லிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டு வரைவைச் சுத்தமாக வைத்திருப்பதே மேல். எதிர்ப்பவர்களின் பெயரும் காரணமும் பதிவாகட்டும், அதனால் தீர்மானத்துக்கு இழுக்கு இல்லை.

ஏழாம் படி: அனுப்புவது யாருக்கு, எந்த மொழியில்?

'மத்திய மாநில அரசுகளுக்கு அனுப்பி வைக்கப்படும்' என்று பொதுவாக எழுதுவது பழைய வழக்கம். அப்படி அனுப்பிய கடிதம் எந்தத் துறையில் யார் மேசையில் இருக்கிறது என்று பிறகு யாருக்கும் தெரியாது. மசோதாவின் கட்டத்தைப் பொறுத்தே பெறுநர் அமைய வேண்டும். வரைவுக் கட்டம் என்றால் அமைச்சகம் குறிப்பிட்டுள்ள அலுவலரும் மின்னஞ்சலும். குழுக் கட்டம் என்றால் அந்தக் குழுவின் செயலகம். அவையில் விவாதத்துக்கு வரும் கட்டம் என்றால் கடலூர் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரும், மாநிலங்களவையில் இந்தத் துறையில் ஆர்வம் காட்டும் ஒருவரும். மக்களவை விதிகளின்படி, மசோதா விவாதத்துக்கு எடுக்கப்படுவதற்கு ஒரு நாள் முன்பாவது உறுப்பினர் திருத்த அறிவிப்பைக் கொடுத்தாக வேண்டும். ஆகவே நம் கடிதம் அதற்குச் சில நாட்கள் முன்னதாகவே, அவர் அப்படியே கையெழுத்திட்டுக் கொடுக்கக்கூடிய திருத்த வாசகமாக ஆங்கிலத்தில் அவரிடம் இருக்க வேண்டும். மாநில மசோதா என்றால் சட்டமன்ற உறுப்பினர், துறை அமைச்சர், துறைச் செயலர். எதுவாக இருந்தாலும் நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறைக்கும் நகராட்சி நிர்வாக இயக்குநருக்கும் ஒரு நகல் போவது முறை.

அதிகம் பேர் அறியாத இன்னொரு வழியும் உண்டு. அவையில் அறிமுகமான மசோதாவைப் பற்றி மக்களவைக்கு நேரடியாக மனுச் சமர்ப்பிக்க விதிகள் இடம் தருகின்றன. மனு உரிய வடிவத்தில் அவையை விளித்து எழுதப்பட்டு, ஓர் உறுப்பினரின் மேலொப்பத்தோடு அவர் வழியாகச் சமர்ப்பிக்கப்படலாம். தமிழில் எழுதினால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பைக் கையெழுத்திட்டு இணைக்க வேண்டும். மன்றத்தின் தீர்மானத்தோடு நகரத்தின் நலச் சங்கங்கள் இப்படி ஒரு மனுவையும் கொடுத்தால், ஒரே கோரிக்கை இரண்டு வாசல்கள் வழியாக உள்ளே போகும். குழுவின் முன் நேரில் வந்து சொல்ல விருப்பம் என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்ப்பதும் நல்லது, குழுக்கள் தாம் தேர்ந்தெடுப்பவர்களை அழைத்துக் கேட்பது உண்டு.

மன்றம் கூடுவதற்குள் மசோதா நிறைவேறிவிடும் என்றால்

ஒன்பது நாள் சிக்கலுக்கு வருவோம். கலிபோர்னிய நகரங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை மன்றம் தன் பொதுவான நிலைப்பாடுகளைத் தொகுத்து ஏற்றுக்கொள்கிறது. அந்தத் தொகுப்புக்குள் அடங்கும் மசோதா வரும்போது, மேயர் மன்றத்தின் பெயரால் உடனே கடிதம் அனுப்பலாம். அடங்காத மசோதா மட்டும் மன்றத்துக்கு வரும். நம் நிர்வாக மரபில் இதற்குப் புதிதாகச் சொல் தேட வேண்டியதில்லை. அவசரப் பணிகளுக்கு மேயரின் முன் அனுமதி பெற்றுச் செலவு செய்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் மன்றத்தின் பின்னேற்பைப் பெறுவது நம் மன்றங்களில் நன்கு பழகிய நடைமுறை. சாலையைத் தோண்டுவதற்குக் கிடைக்கும் பின்னேற்பு, ஒரு கடிதத்துக்குக் கிடைக்காமல் போகக் காரணம் இல்லை.

கடலூர் போன்ற நகரத்துக்கு அத்தகைய ஆண்டுத் தொகுப்பு இரண்டு பக்கங்களில் அடங்கிவிடும். நகராட்சிக்குப் புதிய கடமை விதிக்கும் எந்தச் சட்டமும் அதற்கான நிதியையும் சொல்ல வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறையில் தேவனாம்பட்டினம் போன்ற மீனவர் குடியிருப்புகளின் உரிமை காக்கப்பட வேண்டும். தென்பெண்ணை, கெடிலம் ஆகிய ஆறுகளின் மேல்பகுதியில் நீர்த்திறப்பைப் பற்றி எந்த ஏற்பாடு வந்தாலும் கீழ்ப்பகுதி நகரத்துக்கு முன்னெச்சரிக்கை தரும் கடமை அதில் இருக்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலையொட்டித் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்றாவதை விளக்க வேண்டியதில்லை. தொழிற்பேட்டைக் கழிவின் கண்காணிப்பு அறிக்கைகள் அருகிலுள்ள உள்ளாட்சிக்குத் தரப்பட வேண்டும் என்பதை நான்காவதாகச் சேர்க்கலாம். இவை எந்தக் கட்சியின் கொள்கையும் அல்ல என்பதால் ஆண்டின் தொடக்கத்தில் அமைதியான ஒரு கூட்டத்தில் நிறைவேற்றுவது எளிது. மசோதா வந்து சூடு ஏறிய பிறகு இதே வரிகளுக்கு ஒப்புதல் வாங்குவது பெரும்பாடு.

புதுச்சேரியில் இருப்பவர்கள் என்ன செய்வது?

கடலூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணத்தில் இருக்கும் புதுச்சேரியில் நிலைமை வேறு. 1973-ஆம் ஆண்டின் புதுச்சேரி நகராட்சிகள் சட்டம் இருக்கிறது, ஆனால் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்த பிறகு நீண்ட காலமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் ஆணையர்களின் நிர்வாகத்தில் நகராட்சிகள் இயங்கிவருகின்றன. மன்றம் இல்லாத இடத்தில் மன்றத் தீர்மானமும் இல்லை.

வரலாற்றில் இதே மண்ணின் நகராட்சி உறுப்பினர்கள் எடுத்த நிலைப்பாட்டின் கனத்தை நினைத்தால் இது வருத்தம் தருவது. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில், பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களோடு, கொம்யூன்கள் எனப்பட்ட பிரெஞ்சு ஆட்சிக்கால உள்ளாட்சிப் பகுதிகளின் நகராட்சி உறுப்பினர்களும் இருந்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். அடுத்த மாதம் முதல் தேதியே நிர்வாகம் கைமாறியது. நகரமன்ற உறுப்பினரின் வாக்கு நாட்டின் எல்லையையே தொட்ட நாள் அது.

இன்று புதுச்சேரியில் உள்ளவர்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, 30 தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள் வழியாகச் சட்டமன்றத்திலேயே அரசுத் தீர்மானமோ தனிநபர் தீர்மானமோ கொண்டுவரச் செய்வது. மாநில அந்தஸ்து கோரி அந்த அவை பலமுறை தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது, அது இன்னும் கிடைக்கவில்லை என்பது தீர்மானங்களின் வலு எவ்வளவு என்பதற்கும் சான்று. மற்றது, சங்கங்களே நேரடியாக நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதுவது. மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவதற்கான 129-ஆவது அரசமைப்புத் திருத்த மசோதாவோடு, யூனியன் பிரதேசச் சட்டங்களைத் திருத்தும் மசோதா ஒன்றும் 2024 டிசம்பர் 17-இல் அறிமுகமாகிக் கூட்டுக் குழுவுக்குப் போனது. புதுச்சேரிச் சட்டமன்றத்தின் பதவிக்காலத்தை நேரடியாகத் தொடுவது இந்த இரண்டாவது மசோதாதான், ஆனால் பேச்செல்லாம் முதலாவதைப் பற்றியே இருந்தது. தன் ஊரைத் தொடும் பிரிவு எந்த மசோதாவில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் வேலையை வேறு யாரும் நமக்காகச் செய்ய மாட்டார்கள்.

மசோதா சட்டமான பிறகு

மசோதா நிறைவேறிவிட்டால் கோப்பை மூடிவிட வேண்டாம். பெரும்பாலான சட்டங்களின் உண்மையான நடைமுறை, பின்னர் வரும் விதிகளிலும் அறிவிக்கைகளிலும் இருக்கிறது, அந்தக் கட்டத்தில் மன்றத்தின் கடிதத்துக்குச் சட்டத்திலேயே ஓர் இடம் உண்டு. விதிகளை முன்வெளியீடு செய்த பிறகே இயற்ற வேண்டும் என்று மூலச் சட்டம் சொல்லியிருந்தால், 1897-ஆம் ஆண்டின் பொது விதிக்கூறுகள் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி, குறித்த நாளுக்குள் வரும் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் அரசு பரிசீலித்தே ஆக வேண்டும். மசோதாக் கட்டத்தில் அப்படி ஒரு கட்டாயம் யாருக்கும் இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் வரைவு அறிவிக்கைகளுக்கு 60 நாள் அவகாசம் தரப்படுவது வழக்கம். 2020-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவுக்கான அவகாசம் ஆகஸ்ட் 11 வரை நீண்டது, அதைப் பிராந்திய மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அறுபது நாட்களில் மன்றம் ஒருமுறையாவது கூடிவிடும்.

ஆகவே மசோதாவுக்காகத் தயாரித்த தரவையும் திருத்த வாசகத்தையும் அப்படியே பாதுகாத்து வையுங்கள். விதி வரைவு அரசிதழில் வெளியாகும் நாளில், பிரிவு எண்களுக்குப் பதில் விதி எண்களை இட்டு, அதே தீர்மானத்தைக் குறிப்பிட்டு, ஆட்சேபக் கடிதமாக அனுப்பலாம். அதற்குப் புதிய தீர்மானம் தேவைப்படாமல் இருக்க, முதல் தீர்மானத்தின் வேண்டுகோள் பகுதியிலேயே 'இச்சட்டத்தின்கீழ் வகுக்கப்படும் விதிகள் குறித்தும்' என்ற சொற்களைச் சேர்த்துவிடுவது நல்லது.